சந்திரகிரியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்தும் வேலூர், ஆற்காடு, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்தும் வேன் பேசிக்கொண்டு வருஷம் தவறாமல் ஏழுமலையானைப் பார்க்க வருகிற உங்களுக்கு, திருப்பதியிலேயே குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து இந்த மடல். உங்களில் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தக்காரர்கள். மீதிப் பேரைப் புரட்டாசி சனிக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டிலும் அலிபிரியிலும் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

நீங்கள் வருகிற விதம் எனக்கு மனப்பாடம். நடுராத்திரிக்கு வேன் கிளம்பும். விடிவதற்குள் இங்கே. மொட்டை, குளியல், முந்நூறு ரூபாய் டிக்கெட் இருந்தால் அந்த வரிசை, இல்லையென்றால் தர்ம தரிசனம். லட்டு வாங்கிக்கொண்டு இறங்கினால் திருச்சானூரில் தாயார். நேரம் இருந்தால் காளஹஸ்தி அல்லது காணிப்பாக்கம். பிறகு ஊர். இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பெருமாளுக்கு வந்தவர்கள் பெருமாளைப் பார்த்துவிட்டுப் போகிறீர்கள், நியாயம்தான். ஆனால் திரும்பிப் போன மறு வாரமே உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஐரோப்பா சுற்றுலா விளம்பரம் ஒன்று வரும். பனிமலை, அடியில் நீல ஏரி, கரையில் பழைய கோட்டை. “வாழ்க்கையில் ஒரு தடவையாவது போகணும்” என்று அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். அங்கேதான் எனக்கு ஆற்றாமை வருகிறது. மலையடிவாரத்தில் நீர்நிலையும், அதன் பக்கத்தில் அரசர்கள் இருந்து ஆண்ட மாளிகையுமாக ஓர் இடத்தை, போன வாரம்தான் பதினைந்து கிலோமீட்டருக்குள் விட்டுவிட்டுப் போனீர்கள். வேலூர், சித்தூர் வழியாக வந்தவர்களோ அதன் ஓரமாகவே போனீர்கள், இரண்டு தடவை. காட்பாடியிலிருந்து ரயிலில் வந்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு ஸ்டேஷனே உண்டு. சந்திரகிரி.

பனி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆல்ப்ஸ் மலையை இங்கே கொண்டுவந்து வைக்க என்னால் முடியாது. சித்திரை வைகாசியில் வந்தால் வெயில் உங்களை வறுத்து எடுத்துவிடும். ஆனால் ஐப்பசி மழை நாலு நாள் அடித்து ஓய்ந்த பிறகு வந்து பாருங்கள். கோட்டைக்குள் இருக்கும் ராஜ மகாலின் பின்பக்கம் கருங்கல் மலை நேராக எழுந்து நிற்கும். பாறைகள் கழுவிவிட்டதுபோல் இருக்கும். மலைக்கும் மகாலுக்கும் இடையில் குளம். மகாலின் முன்னால் நின்று நிமிர்ந்தால் மூன்று தளம், தளத்துக்குத் தளம் வளைவுகள். கூரைக்கு மேலே கோயில் விமானங்களைப்போல் அடுக்கடுக்காக ஒடுங்கும் கோபுரங்கள். வளைவு சுல்தான்கள் ஊர்க் கட்டடக்கலை, கோபுரம் நம் கோயில் ஸ்தபதியின் கை. இரண்டையும் ஒரே கட்டடத்தில் சண்டையில்லாமல் உட்கார வைத்த கொத்தனார் யாரென்று நமக்குத் தெரியாது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து மட்டும். மரம் ஒரு துண்டு இல்லை. கரையான் வைத்து, தீப்பிடித்துப் போயிருக்க வேண்டியது இன்றுவரை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்தில் சிறியதாக ராணி மகால். சுற்றிலும் மதில், அகழி, உள்ளே சிவனுக்கும் பெருமாளுக்கும் கட்டிய கோயில்களின் இடிபாடுகள். ராஜ மகாலுக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகண்டி என்று இந்தப் பக்கத்து ஊர்களில் கிடைத்த சிலைகளெல்லாம் அங்கே இருக்கின்றன.

“அழகான இடம் ஆயிரம் இருக்கு, இதுக்கு ஏன் நாங்க வரணும்?” என்று நீங்கள் கேட்கலாம். சரி, அழகை விடுங்கள். உங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

சென்னைக்காரர்களே, ஆகஸ்ட் 22 வந்தால் சென்னை தினம் கொண்டாடுகிறீர்கள். மயிலாப்பூரில் நடை, ஜார்ஜ் டவுனில் நடை, பழைய படங்களின் கண்காட்சி. நல்ல காரியம். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடற்கரையில் ஒரு துண்டு நிலம் வாங்கியதிலிருந்து. நிலத்தைக் கொடுத்தவர் இந்தக் கரையை நிர்வகித்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவருக்கு மேலே இருந்த ராயர், விஜயநகரத்தின் கடைசி அரச வம்சமான ஆரவீட்டைச் சேர்ந்த மூன்றாம் வேங்கடர். அவருடைய அரசு இருந்தது சந்திரகிரியில். பட்டயம் கையெழுத்தானதே ராஜ மகாலுக்குள்தான் என்று இங்கே வழிகாட்டிகள் உறுதியாகச் சொல்வார்கள், பல புத்தகங்களும் சொல்லும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். முதல் கவுல், அதாவது உரிமைப் பத்திரம், நாயக்கர் கொடுத்தது. பின்னால் 1645-ல் அடுத்த அரசர் மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் அந்த உரிமையை மறுபடி உறுதி செய்தார். எந்த அறையில், எந்த மேடையில் என்று தேடுவது வீண். ஆனால் யாருடைய மண் என்ற கேள்விக்குப் பதில் இந்த மலையடிவாரத்து அவையில்தான் இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற நீங்கள், அது கட்ட இடம் கொடுத்த அரசின் வாசலுக்கு வந்ததே இல்லை. புரட்டாசியில் உங்கள் பூக்கடைச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருக்குடைகள் யானைக்கவுனி தாண்டித் திருமலை வரைக்கும் வருகின்றன. அந்தப் பெருமாளின் பழைய கோயில்கூட முதலில் கோட்டைக்கு அருகே இருந்து, பிற்பாடு இடம் மாறியதுதான். சென்னைக்கும் இந்த மலைகளுக்கும் நடுவிலான வழி அவ்வளவு பழையது. குடை வருகிறது, நீங்களும் வருகிறீர்கள், சந்திரகிரி மட்டும் கணக்கில் இல்லை.

வேலூர்க்காரர்களுக்கு என் குறை இன்னும் கூடுதல். உங்கள் கோட்டையும் அகழியும் ஜலகண்டேஸ்வரரும் உங்கள் பெருமை. அந்தக் கோட்டைக்குப் போன அரசர் எங்கிருந்து போனார்? 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் எரிந்த பிறகு தலைநகரம் பெனுகொண்டாவுக்குப் போனது, 1590களில் இரண்டாம் வேங்கடர் அதைச் சந்திரகிரிக்குக் கொண்டுவந்தார், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூருக்கு. ஆனாலும் ராயர்கள் சந்திரகிரியை விட்டுவிடவில்லை. ஏசு சபைப் பாதிரிமார்கள் இந்தச் சந்திரகிரி அவைக்கு வந்து ராயரைப் பார்த்துவிட்டு ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதினார்கள். படம் வரைகிறவர்கள் மேல் ராயருக்கு இருந்த பிரியத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். 1614-ல் அவர் கண்மூடியதும் வாரிசுச் சண்டையில் வேலூரில் ஓடிய ரத்தம் தனிக் கதை. ஆக உங்கள் கோட்டையும் இதுவும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். ஒன்றில் பட்டாணிக் கடலை வாங்கிக்கொண்டு மாலை நேரம் உட்காருகிறீர்கள், மற்றதை வேன் கண்ணாடி வழியாகக்கூடப் பார்ப்பதில்லை.

ஐரோப்பாக் கோட்டை என்றால் உங்களுக்கு அதன் கதை வேண்டும், சோகம் வேண்டும், சிறைப்பட்ட ராஜகுமாரன் வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஜெனிவா ஏரியின் கரையில், மாந்த்ரூ ஊருக்குப் பக்கத்தில் ஷியோன் கோட்டை. விளம்பரப் படங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். 1530-லிருந்து ஆறு வருஷம் போனிவார் என்ற மதகுரு அதில் அடைபட்டுக் கிடந்தார். 1816-ல் பைரன் அங்கே போனார், அந்தக் கைதியைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதினார், அன்றிலிருந்து உலகமே டிக்கெட் எடுத்து உள்ளே போகிறது. இப்போது சந்திரகிரிக்கு வாருங்கள். கிருஷ்ணதேவ ராயர் தம்முடைய அரியணைக்கு உரிமை கேட்கக்கூடிய அச்சுதராயர் முதலான உறவினர்களை இதே கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார். 1529-ல் ராயர் மறைந்ததும் அச்சுதர் வெளியே வந்தார், திருமலையில் பெருமாள் சன்னிதியில் முடி சூட்டிக்கொண்டார், பின்னர் காளஹஸ்தியிலும். ஷியோனில் போனிவார் உள்ளே போவதற்கு முந்தைய வருஷம் இது. அங்கே கைதி ஆறு வருஷம் உள்ளே கிடந்தார், இங்கே கைதி பேரரசர் ஆனார். எந்தக் கதை பெரியது? பைரன் இங்கே வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிருஷ்ணதேவ ராயரே திருமலைக்கு ஏழு முறை வந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஸ்ரீனிவாச மங்காபுரத்துக்கு அருகிலிருந்து ஏறுகிற ஸ்ரீவாரி மெட்டு வழிதான் அரசர்கள் சந்திரகிரியிலிருந்து மலையேறிய வழி என்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வது. அலிபிரியில் 3550 படி ஏற முடியாது என்று 2388 படிகளுக்காக ஸ்ரீவாரி மெட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்து ஓடுகிறீர்களே, அங்கிருந்து கோட்டை சில கிலோமீட்டர்தான். கால் வலிக்கிறது என்பீர்கள். ஏறுவதற்கு முன்னால் போங்கள்.

இன்னொன்று. இதைச் சொன்னால் சிலருக்குச் சுடும். வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரத்திலேயே இருப்பதை மேடைக்கு மேடை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனதும், ம.பொ.சி. போராடியதும், 1960-ல் திருத்தணிப் பகுதி மட்டும் நம் பக்கம் வந்து சேர்ந்ததும் இன்றைக்கும் பேச்சில் வருகின்றன. வேன் நகரியைத் தாண்டும்போது பெரியவர் ஒருவர் பெருமூச்சு விடுவார், “இதெல்லாம் நம்மகிட்ட இருந்திருக்க வேண்டியது.” அந்தப் பெருமூச்சை நான் மதிக்கிறேன், என் தாத்தாவும் அப்படித்தான். ஆனால் கோட்டை எந்தக் கொடியின் கீழ் இருக்கிறது என்று பார்த்தா அதற்குள் போவது? இங்கே எங்களுக்கு யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழில் பேசுகிறார்கள், மீதிப் பேர் உங்கள் தெலுங்கைப் பொறுத்துக்கொள்கிறார்கள். 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது சந்திரகிரி திருப்பதியோடு வந்தது. மாவட்டம் மாறிக்கொண்டேதான் இருக்கும். கோல்கொண்டாக்காரர்கள் வந்தார்கள், ஆற்காட்டு நவாபின் ஆட்கள் இருந்தார்கள், 1782-ல் ஹைதர் அலி பிடித்தார், 1792-ல் மைசூரிடமிருந்து கை மாறியது. இழந்ததற்காக வருந்துகிறவர் அதை ஒரு தடவை வந்தாவது பார்க்க வேண்டாமா?

வந்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருவருமே வரவில்லை என்று சொன்னால் பொய். சிலர் வருகிறீர்கள். வந்து என்ன செய்கிறீர்கள்? ராஜ மகாலின் உட்சுவரில், ஆள் கை எட்டுகிற உயரத்தில், சுண்ணாம்புப் பூச்சை வண்டிச் சாவியால் கீறி ஓர் இதயம் வரைந்திருக்கிறது. உள்ளே இரண்டு பெயர், தமிழில். இடையின ரகரத்துக்கு வல்லின றகரம் போட்டிருந்தாலாவது வேறு யாரோ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், எழுத்து சுத்தமாக இருந்தது. அதன் பக்கத்தில் தெலுங்கில் நாலு பெயர், ஆங்கிலத்தில் எண்ணிக்கையில்லை. இந்த ஒரு விஷயத்தில் மாநில எல்லை கிடையாது. ஷியோன் நிலவறைத் தூணில் பைரன் பெயர் செதுக்கியிருக்கிறதே, அதைக் கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்களே என்று உங்கள் பையன் என்னிடம் வாதம் செய்தால், பைரன் அந்த இடத்தைக் கவிதையாகவும் எழுதியவர் என்று சொல்வேன். நமக்குச் சட்டமும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். காவலாளி எண்ணிக்கையைப் பார்த்தால் நீங்கள் மாட்டப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தான் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தாமல் உங்களிடமே கேட்கிறேன்.

குளத்தின் கதை அதைவிட மோசம். திருமலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்றால் வாய் பேசாமல் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவருகிறீர்கள். மேலே ஒரு காகிதம் கீழே விழுந்தால் குனிந்து எடுக்கிறீர்கள், நான் பார்த்திருக்கிறேன். அதே கை சந்திரகிரிக் குளக்கரையில் புளியோதரை சாப்பிட்ட தட்டைத் தண்ணீரில் விடுகிறது. மிச்சச் சோறும் தட்டோடு போகிறது. மீன் தின்னும் என்று ஒரு அம்மா எனக்கே பதில் சொன்னார். சோற்றை மீன் தின்னும் அம்மா, தட்டை யார் தின்பது? பெருமாள் பார்க்கிறார் என்ற இடத்தில் ஒழுங்கு, பார்க்கவில்லை என்று நினைக்கிற இடத்தில் இப்படி. ஏழுமலைக்கு அடிவாரத்தில் நின்றுகொண்டு அவர் பார்வைக்கு எல்லை வகுப்பது உங்களுக்கே சிரிப்பாக இல்லையா?

பராமரிப்பு சரியில்லை, வசதி போதாது என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். உண்மைதான், இன்னும் செய்யலாம். தமிழில் விவரப் பலகைகள் வைக்கலாம், நல்ல கழிப்பறை கட்டலாம், திருப்பதியிலிருந்து அடிக்கடி பஸ் விடலாம். ஆனால் எந்த அலுவலகத்துக்கு மனு எழுதினாலும் முதலில் கேட்பது “எத்தனை பேர் வருகிறார்கள்?” என்பதுதான். லட்சக்கணக்கில் திருப்பதிக்கு வருகிற கூட்டத்தில் ஒரு சிறு பங்கு இந்தப் பக்கம் திரும்பினால் அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லிக்கொள்வோம். கூட்டம் வந்தால் கெடும், வராவிட்டால் கவனிப்பாரில்லாமல் கெடும் என்ற இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் கோட்டை நிற்கிறது. அதனால்தான் சும்மா வாருங்கள் என்று கேட்காமல், வருகிற விதத்தையும் சேர்த்துக் கேட்கிறேன்.

கேட்பது அரை நாள். புரட்டாசியின் நெரிசலில் முடியாது என்றால் கார்த்திகையிலோ தை மாதத்திலோ வரும் பயணத்தில் ஒதுக்குங்கள். தரிசன நேரம் மதியத்துக்குக் கிடைத்திருந்தால் காலை சும்மாதானே போகிறது, அந்தக் காலையைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது, பெரியவர்களுக்கும் நீங்கள் ஓட்டலில் குடிக்கிற காபிச் செலவோடு முடிந்துவிடும். வருவதற்கு முந்தைய நாள் வீட்டில் பிள்ளைகளிடம் 1639 கதையை ஒரு பத்து நிமிஷம் சொல்லிக் கூட்டி வாருங்கள். அச்சுதராயர் கதையைச் சொன்னால் அவர்களாகவே அறை அறையாகத் தேடுவார்கள். சாவியை டிரைவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். சாப்பாட்டை மதிலுக்கு வெளியே முடித்துவிட்டு வாருங்கள், தட்டையும் பாட்டிலையும் வேனுக்கே திருப்பி எடுத்துப் போங்கள். குளத்தில் பையன்களை இறங்க விடாதீர்கள், ஆழம் தெரியாத தண்ணீர்.

அடுத்த முறை வேன் பேசும்போது “திருமலை, திருச்சானூர், காளஹஸ்தி” என்ற வழக்கமான பட்டியலில் சந்திரகிரி என்று ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே ஒன்றும் இல்லை சார், வெறும் இடிஞ்ச கோட்டை என்று வேன்காரர் சொல்லக்கூடும். பலர் சொல்கிறார்கள், ஏனென்றால் வாசல் வரைக்கும் ஓட்டிவந்து, வண்டியில் படுத்துத் தூங்கிவிட்டு, திரும்ப ஓட்டிப் போகிறவர்கள் அவர்கள். அவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்து உள்ளே கூட்டிப் போங்கள்.

இப்படிக்கு,
திருப்பதியிலிருந்து உங்கள் உறவு ஒருத்தி